ஒரு முழங்காலுக்கு இரண்டு நேர்த்தி

1

முந்தநாள் பார்க்-எக்ஸ்டென்ஷனில் உள்ள எங்கள் ஆட்களின் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, முன்பின் தெரியாதவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நீங்கள் அந்த முழங்காலின்ரை தகப்பன்தானே?”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மொன்றியல் நகரத்தில் இருக்கிறேன். லாசாலில் பெட்டித் தொழிற்சாலைக்காரன், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பொறுப்பானவன், சங்கக் கூட்டங்களில் நன்றியுரை சொல்பவன் என்று எனக்கும் சில அடையாளங்கள் இருந்தன. போன வருடத்தோடு அவையெல்லாம் போய்விட்டன. இப்போது நான் முழங்காலின் தகப்பன்.

“ஒட்டாவாவிலையிருந்து முடிவு வந்திட்டுதோ? ரெம்பறறியோ, பேர்மனன்ரோ?”

“வந்தது அக்கா. ஆனால் அது பெரிய கதை.”

“சொல்லுங்கோவன், எனக்கு ஒரு அவசரமும் இல்லை” என்று கூடையைக் கீழே வைத்தார். காசு வாங்கும் பெண்ணும் வேலையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் காதைத் திருப்பினாள். சொல்லத் தொடங்கினால் முருங்கைக்காய் வாடிவிடும் என்று தப்பி வந்துவிட்டேன்.

கடையில் சொல்லாததை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். அங்கேயும் பாதிப் பேருக்கு எங்கள் முழங்காலைத் தெரியும் என்று கேள்வி. மற்றப் பாதிக்காவது ஒழுங்கான கதை வந்து சேரட்டும்.

2

மகளின் பெயர் நிரோஜினி. நிரோ என்போம். ஒரே பிள்ளை, இங்கே பிறந்தவள். பிரெஞ்சில் சிரிப்பாள், ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பாள், பசித்தால் தமிழ் வரும். சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றிப் பார்க்கிற பழக்கம். எங்கள் வீட்டுத் தையல் இயந்திரம் அவளுடைய எட்டாவது பிறந்தநாளோடு ஊமையானது. படிப்பு முடிந்த கையோடு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“நான் ஆமியிலை சேர்ந்திட்டன். லொறி திருத்துற பகுதி.”

ஆமி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சோறு சாப்பிடும்போது சொன்னதில்லை. நானும் மனைவி ஜெசிந்தாவும் ஒரு ஆமிக்குப் பயந்து ஊர் ஊராக ஓடி, கடல் தாண்டி ஓடி, கடைசியில் இந்தப் பனிக்குள் வந்து ஒளித்தவர்கள். ஒளித்த வீட்டுக்குள்ளேயே ஒரு ஆமி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கரண்டியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள்.

“இது வேறை ஆமி அம்மா. வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்குறவை. பனிப்புயல் வந்தால் வயசுபோன ஆக்களைத் தூக்கிக்கொண்டு போறவை.”

“எந்த ஆமியெண்டாலும் சப்பாத்து ஒண்டுதான்” என்றாள் ஜெசிந்தா.

சப்பாத்தோடு போனாள். வெளியில் யாராவது கேட்டால், “கவர்மென்ற் கராஜ்ஜிலை வேலை” என்போம். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கராஜ் முழுக்கப் பச்சை நிறம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

முதன்முறை சீருடையில் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய சட்டையைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். இந்த நாட்டில் தகப்பன் பெயர் பிள்ளையின் குடும்பப் பெயராகிவிடுகிறது. நெஞ்சுப் பைக்கு மேலே ‘சிவபாதசுந்தரம்’ என்று தைத்திருந்தார்கள். பொத்தானுக்குப் பக்கத்தில் தொடங்கிக் கக்கத்துக்குள் போய் முடிந்தது. ஒரு காலத்தில் ஆமிக்காரன் கேட்க நான் நடுங்கி நடுங்கிச் சொன்ன பெயர் ஆமிச் சட்டையிலேயே கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். முகாமில் அவ்வளவு நீளத்துக்கு யாருக்கும் மூச்சு இல்லாதபடியால் ‘கோப்ரல் சிவா’ என்று கூப்பிடுவார்களாம்.

போன வருடம் தை மாதம் விழுந்தாள். போர்க்களம் எதிலும் இல்லை. முகாமில் லொறியின் கூரையில் ஏறி நின்று பனி வழித்தபோது வழுக்கிவிட்டது. இடது முழங்காலுக்குள் எதுவோ கிழிந்து, சத்திரசிகிச்சை செய்து, ஊன்றுகோலும் கொடுத்து ஓய்வுக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் இருப்பது வில்லரேயில், மேல்மாடியில். ஏறும் படி வீட்டுக்கு வெளியே இரும்பில் வளைந்து வளைந்து போகும். பனிக்காலத்தில் நல்ல முழங்கால் உள்ளவர்களே அதில் ஏறுமுன் கடவுளை நினைப்பார்கள். நிரோ உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினாள். உதவிக்குப் போன என்னை வேண்டாம் என்றாள்.

அன்று மாலை மேசையில் எங்களுக்கு விளக்கினாள்.

“இப்ப நான் ரெம்பறறி. அதாவது இன்னும் ஆமிதான். பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது. இடைக்கிடை டொக்டர் பாப்பார். சரிவந்தால் திரும்ப வேலைக்குப் போகலாம். சரிவராட்டில் பேர்மனன்ற் எண்டு ஒட்டாவாத் தலைமையகத்துக்கு எழுதுவினம், முடிவு அங்கைதான். ஆமியிலை சமைக்கிறவனெண்டாலும் ஓட வேணும், மூட்டை இழுக்க வேணும். ஏலாதெண்டால் பென்சனைத் தந்து, வேறை படிப்புப் படிக்கக் காசும் தந்து, வீட்டை அனுப்பிப்போடுவினம்.”

ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது.

“வீட்டை எண்டால், இஞ்சையோ?”

“ஓம் அம்மா.”

“பென்சனோடையோ?”

“ஓம்.”

“அப்ப பேர்மனன்ற்தானே நல்லது!”

“எனக்கு வேண்டாம்” என்றாள் நிரோ. “எனக்குத் திரும்பப் போக வேணும்.”

அவளையும் குறை சொல்ல முடியாது, தாயையும் குறை சொல்ல முடியாது. தற்காலிகம் என்றால் எங்கள் சனத்துக்குக் காய்ச்சல் வரும். ஊரில் தற்காலிக நியமனத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே வந்தும் எத்தனையோ வருடம் தற்காலிகக் கடதாசியை நெஞ்சுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தோம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை தற்காலிகமாகவே இருக்கிறேன் என்று அடம்பிடித்தால் தாய்க்கு எப்படி விளங்கும்?

3

ஜெசிந்தா மன்னார்க்காரி, கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். காதலித்துக் கட்டியவர்கள். எங்கள் வரவேற்பறைச் சுவரில் அவளுடைய அந்தோனியாரும் என்னுடைய பிள்ளையாரும் பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் இருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அவர்களுக்குள் ஒரு சச்சரவும் வந்ததில்லை. முழங்கால்தான் முதல் வழக்கு.

ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த ஜெசிந்தா அந்தோனியார் முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டுச் சத்தமாகவே நேர்த்தி வைத்தாள். அவளுக்கு மனதுக்குள் செபிக்க வராது.

“அந்தோனியாரே, என்ரை பிள்ளையின்ரை முழங்காலைச் சுகமாக்கும். அவள் நாளைக்குக் கலியாணம் கட்ட வேணும், பிள்ளை தூக்க வேணும். ஆனால் சுவாமி, ஒட்டாவா பாத்து முடிக்குமட்டும் சுகமாக்கிப் போடாதையும். அவங்கள் பேர்மனன்ற் எண்டு எழுதின கையோடை சுகமாக்கும். ஊர்க்கோயிலுக்கு வெள்ளிக்கால் செய்து தாறன்.”

ஊரில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண் சுகமானால் வெள்ளிக்கண், கை சுகமானால் வெள்ளிக்கை. ஆனால் சுகத்துக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்த நேர்த்தியை நான் அன்றுதான் கேட்டேன்.

“இஞ்சாரும், அவர் துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர். இருக்கிறதை ஒளிச்சு வைக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம்” என்றேன்.

“அவருக்கு விளங்கும். உங்களுக்குத்தான் விளங்காது” என்று மெழுகுதிரியை நேராக்கினாள்.

எல்லாவற்றையும் கேட்டபடி சோபாவில் காலை நீட்டி இருந்த நிரோ, தாய் சமையலறைக்குள் போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

“அப்பா, உங்கடை பிள்ளையாருக்கு இப்ப வேலை ஏதும் இருக்கோ?”

“ஏன் பிள்ளை?”

“மற்றப் பக்கத்துக்கும் ஒராள் வேணும்.”

அவளாக என்னிடம் பிள்ளையாரைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்ன வயதில் தேவாரம் சொல்லிக் கொடுக்கப் போனால் கட்டிலுக்குக் கீழே ஒளித்தவள். மறுக்க மனம் வரவில்லை. முழங்கால் ஒட்டாவாவுக்கு முன்னமே சுகமானால் ஒரு சாக்குத் தேங்காய் உடைப்பதாக வைத்தேன். வாய் வைத்தது. மனம் அந்தோனியார் பக்கம்தான் நின்றது. ஆமியை விட்டு அவள் வந்தால் போதும் என்று எனக்கும் இருந்தது. அதைப் பிள்ளையாருக்கும் நிரோவுக்கும் சொல்லவில்லை.

4

ஆனி மாதம் அந்தோனியார் திருவிழா. மன்னாரில் மாலைப் பூசை நடக்கும்போது எங்களுக்குக் காலைத் தேநீர் நேரம். இப்போது எல்லாம் நேரலையாக வருகிறதே. மொன்றியலில் உள்ள அந்தப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டுப் பூசை பார்ப்பார்கள். நாங்களும் பார்த்தோம். பூசை முடிந்து அறிவித்தல்கள் வாசித்தார்கள்.

“கனடா நாட்டு இராணுவத்தில் பணிபுரியும் செல்வி நிரோஜினி சிவபாதசுந்தரத்தின் வலது முழங்கால், புனித அந்தோனியாரின் பரிந்துரையால் பூரண சுகம் அடைந்தமைக்கு நன்றியாக, அவருடைய பெரியம்மா ரோசலின் குடும்பத்தினர் வெள்ளிக்கால் ஒன்றைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர்.”

கமெரா பெரியம்மாவைக் காட்டியது. ரோசலின் அக்கா சிவப்புத் தட்டில் வெள்ளிக்காலை வைத்து, முகம் நிறையச் சிரிப்போடு நடந்து வந்தார்.

ஜெசிந்தாவின் தேநீர் மேசையில் ஊற்றுண்டது. அடுத்த நிமிடம் தமக்கையைத் தொலைபேசியில் பிடித்துவிட்டாள்.

“அக்கா, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்? இன்னும் ஒண்டும் நடக்கேல்லை! நான் சொன்ன பேந்துதானே குடுக்கச் சொன்னனான்!”

“திருவிழா முடிஞ்சால் இனி அடுத்த வருசம்தானேடி. முன்னுக்கே குடுத்தால் அவருக்கும் ஒரு உற்சாகம்” என்றார் அக்கா.

“ஆமியெண்டு ஏன் சொன்னனீ?”

“பெருமைதானே! சுவாமியாரே எழும்பிப் பாத்தவர்.”

ஜெசிந்தாவுக்குப் பெரிய பயம் ஊரைப் பற்றி இல்லை. ஒட்டாவாவைப் பற்றி. ‘பூரண சுகம்’ என்று பூசையிலேயே சொல்லியாகிவிட்டது, அதுவும் படமாக இருக்கிறது, யாராவது அதிகாரி பார்த்தால் என்ன செய்வது?

“அம்மா, ஒட்டாவாவிலை ஒருத்தரும் மன்னார்ப் பூசை பாக்கிறேல்லை” என்று நிரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் கண்டேன்.

“உனக்குத் தெரியுமோ? அங்கையும் எங்கடை சனம் இருக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே ஆறுதல் அடைந்தாள். “வலது முழங்காலெண்டு சொன்னது நல்லதாய்ப் போச்சு. கேட்டால் அது மற்றக் காலெண்டு சொல்லலாம்.”

5

அடுத்த நாளில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆமியில் பிள்ளை என்றதும் ஏசப் போகிறார்கள் என்று நான் பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. வந்தவர்களுக்கு ஆமியில் அக்கறை இல்லை, முழங்காலில்தான் அக்கறை. எங்கள் சனத்தில் பாதி தொழிற்சாலைகளில் முதுகையும் தோளையும் கொடுத்தவர்கள். தற்காலிகம், நிரந்தரம், மறுபரிசோதனை எல்லாம் அவர்களுக்கு அரிச்சுவடி.

நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி வந்த தருமலிங்கம் அண்ணைதான் இதில் பேராசிரியர். என்னோடு பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து தோள் கழன்றவர். நிரோவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

“பிள்ளை, டொக்டர் உள்ளுக்கு வந்த உடனை ‘சா வா?’ எண்டு கேப்பான். சுகமோ எண்டு. எங்கடை ஆக்கள் மரியாதைக்கு என்ன சொல்லுவம்? ‘சா வா’ எண்டுவம். கையைத் துணியிலை கட்டித் தூக்கிக்கொண்டிருந்து நான் அப்பிடித்தான் சொன்னனான். ஆள் சுகமெண்டு எழுதிப்போட்டான். அதை மாத்த நான் பட்ட பாடு! அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப்போடாதை.”

பிறகு எப்படி நொண்ட வேண்டும் என்று எழுந்து நடந்து காட்டினார். சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, திரும்பும் இடத்தில் ஒரு ‘ஆ’ வைத்து நடந்தார். உண்மையிலேயே பாவமாக இருந்தது. அவருடைய மனைவி பொறுக்க முடியாமல் கேட்டார்.

“தோள் கழண்ட மனிசன், இதையும் ஏனப்பா நொண்டிப் பழகி வைச்சிருக்கிறியள்?”

“எல்லாத்துக்கும் ஆயத்தமாய் இருக்க வேணும்” என்றார் அண்ணை.

ஜெசிந்தா எல்லோருக்கும் பற்றிஸ் பொரித்துக் கொடுத்தாள். மகள் வீட்டில் இருக்கிறாள், வீடு நிறைய ஆட்கள், இதுதான் அவளுடைய சொர்க்கம். நிரோ மட்டும் ‘மேர்சி அங்கிள், மேர்சி அன்ரி’ என்று நன்றி சொல்லிக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

வந்தவர்களில் ஒரு அக்காவின் தம்பியை ஊரில் ஆமி கொண்டுபோனது, ஆள் இன்றுவரை வரவில்லை. அவர் வந்த நேரம் கதவுக்குப் பின்னால் நிரோவின் சீருடை கொழுவியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பிள்ளைக்கு இந்த வேலை பிடிச்சிருக்கோ?”

“ஓம் அன்ரி.”

“அப்ப சரி” என்றார். தேநீரைக் குடித்துவிட்டு, முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவருக்கு முன்னால் நாங்கள் எதையும் ஒளித்திருக்கத் தேவையில்லை என்று அன்று நினைத்தேன்.

6

இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டு அரிசி மூட்டைகள் நடமாடத் தொடங்கின. சமையலறை மூலையில் வைத்த மூட்டை குளியலறைக் கதவடியில் இருக்கும். மறுநாள் படியின் உச்சியில் இருக்கும். ஜெசிந்தா என்னைச் சந்தேகித்தாள். நான் எலியைச் சொன்னேன்.

நிரோதான். திரும்ப எடுபட வேண்டுமானால் ஒரு சோதனை இருக்கிறது. மண்மூட்டை தூக்க வேண்டும், பாரத்தோடு ஓட வேண்டும், மூட்டைகளைக் கட்டிப் பின்பக்கமாக நடந்து இழுக்க வேண்டும். தாய் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் கார்டரியில் சமையல் வேலைக்குப் போகும் நேரம் பார்த்துப் பாஸ்மதியோடு பயிற்சி. உடற்பயிற்சி வைத்தியர் கொஞ்சம் கொஞ்சமாகச் செய் என்றாராம். கொஞ்சம் என்பது அவளுடைய எந்த மொழியிலும் இல்லை.

மார்கழியில் என்னிடம் வந்தாள்.

“அப்பா, இழுக்கிறதுக்கு மூட்டைப் பாரம் காணாது. நீங்களும் கொஞ்சம் ஏறி இருப்பீங்களோ?”

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. அதில் பனி இறுகிக் கிடந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிய சறுக்குப் பலகையில் நான் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். மடியில் ஒரு அரிசி மூட்டை, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. கீழ்வீட்டு மதாம் குப்பை போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“போன்ஜூர் மிஸ்யோ! இன்றைக்கு உங்களுக்குப் பிறந்தநாளா?”

ஓம் என்று சொல்லிவைத்தேன். விளக்க எனக்குப் பிரெஞ்சு போதாது. அவர் கைதட்டி ஒரு பிறந்தநாள் பாட்டும் பாடினார். பாட்டு முடியும்வரை என் மகள் என்னை இழுத்தாள்.

பின்பக்கமாக நடந்தபடியால் அவள் முகம் என்னைப் பார்த்தே இருந்தது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், அவள் முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது. பல்லைக் கடித்திருந்தாள். ஒவ்வொரு தரம் இடது கால் ஊன்றும்போதும் கண் சுருங்கியது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இந்த வேலை இவளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி, முதன்முறையாக மனதோடு பிள்ளையாரைக் கேட்டேன். அப்பனே, இவளைப் போக விடு என்றேன்.

அவர் காது கொடுக்கவில்லை. மறுநாள் முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியது. வேலையால் வந்த ஜெசிந்தா பார்த்தாள், மூலையில் நனைந்து கிடந்த மூட்டையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எலிக்கு என்ன வந்தது என்று கேட்கவில்லை. அடுத்த கிழமை வைத்தியப் பரிசோதனை. அவள் கேட்ட மாதிரியே, கேட்ட நேரத்துக்கு முழங்கால் பழுதாகியிருந்தது. ஆனால் அந்தோனியாருக்கு நன்றி சொல்ல அவள் போகவில்லை. மகளின் காலை மடியில் வைத்து ஐஸ் பிடித்தாள், எண்ணெய் தடவினாள், மறுபடி ஐஸ் பிடித்தாள்.

7

அந்தப் பரிசோதனை அறிக்கை ஒட்டாவாவுக்குப் போய் வந்த முடிவை முகாமில் நேரில் சொல்வதாகப் போன கிழமை அழைத்திருந்தார்கள். இன்னும் வற்றாத கால் வீக்கத்தோடு நிரோவால் கார் ஓட்ட முடியாது. நான் ஓட்டினேன். ஜெசிந்தா கார்டரியில் லீவு எடுத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டாள்.

முகாம் நகரத்தின் கிழக்கே இருக்கிறது. இத்தனை வருடத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. தூரத்தில் தடைக்கம்பமும் காவல் கூண்டும் சீருடையும் தெரிந்தன. நான் காரை எட்டத்திலேயே நிறுத்தி இயந்திரத்தை அணைத்தேன். இறங்கினேன். அடையாள அட்டையை எடுத்து எல்லோரும் காணும்படி கையில் பிடித்துக்கொண்டு, வீதி ஓரமாக நடக்கத் தொடங்கினேன். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஜெசிந்தா, தலையைக் குனிந்தபடி, தன் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். ஊரின் சோதனைச் சாவடிகளில் பழகிய கால்கள் தாமாகவே அப்படிச் செய்தன.

“அப்பா! அம்மா! என்ன செய்யிறியள்? ஏறுங்கோ காருக்குள்ளை!” என்று நிரோ கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

கூண்டுக்குள் இருந்து ஓடிவந்தவள் ஒரு இளம் பெண். “மிஸ்யோ, மதாம், குளிர்! காரிலேயே வரலாம்” என்று பிரெஞ்சில் பதறினாள். நான் நீட்டிய அட்டையை வாங்கி, என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, பாதியிலேயே நிமிர்ந்தாள்.

“நீங்கள் கோப்ரல் சிவாவின் அப்பாவா? அவர் எப்போது வருவார்? அவர் போன நாளிலிருந்து எங்கள் லொறிகளுக்கு இருமல்.”

“என்னவாம்?” என்று ஜெசிந்தா கேட்டாள். சொன்னேன். அட்டையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு வந்து காரில் ஏறினாள்.

நிரோ உள்ளே போனாள். நாங்கள் வாகனத் தரிப்பிடத்தில் இருந்தோம். ஜெசிந்தாவின் கையில் செபமாலை இருந்தது, மணிகள் நகரவில்லை. வெகுநேரம் கழித்து நிரோ நொண்டியபடி வந்து பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“பேர்மனன்ற்” என்றாள்.

ஜெசிந்தாவின் கை தானாக எழுந்தது. நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, தோளுக்குப் போகாமல் நின்றுவிட்டது. மேலே உள்ள கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. நிரோ அழவில்லை. அழுதிருந்தால் நல்லது.

“மாட்டன் எண்டால் எழுதிக் குடுக்கலாமாம். அதுக்குக் கொஞ்ச நாள் இருக்காம். நான் ஓமெண்டு சொல்லப் போறன். வாங்கோ, வீட்டை போவம். அம்மாவுக்குச் சந்தோசம்தானே.”

நான் சாவியைத் திருப்பப் போனேன். ஜெசிந்தா என் கையைத் தட்டிவிட்டாள்.

“என்ன எழுதியிருக்கிறாங்கள்? அவங்கள் சொன்ன மாதிரியே சொல்லு.”

“சேவைக்கு ஏலாதவள் எண்டு.”

“ஏலாதவளோ?”

“அப்பிடித்தான் அம்மா எழுதுறது.”

“அப்பீல் போடு” என்றாள் ஜெசிந்தா.

நிரோ தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீங்கள்தானே வேணுமெண்டு நேர்த்தி வைச்சனீங்கள்!”

“வைச்சனான்தான். நீ ஆமிக்குப் போகாதை எண்டு நான் சொல்லுவன். இப்பவும் சொல்லுவன், நாளைக்கும் சொல்லுவன். நான் தாய். ஆனால் என்ரை பிள்ளையை ஏலாதவள் எண்டு ஆரோ ஒருத்தன் எழுத நான் விடமாட்டன்.”

“முழங்கால் உண்மையாய் ஏலாது அம்மா.”

“முழங்கால் ஏலாட்டில் முழங்காலெண்டு எழுதட்டும். லொறிக்குக் கீழை படுக்க ஏலாட்டில் மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க ஏலாதோ? வாய்க்கு என்ன பழுது? எங்களையும் இந்த நாடு முதலிலை ஏலாது எண்டுதான் சொன்னது. அப்பீல் போட்டுத்தான் இருந்தம். அப்பீல் போட்டபடியால்தான் நீ இஞ்சை பிறந்தனி. உனக்குச் சொன்னவன் ஆர்?”

“மேஜர். இப்ப சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.”

“வடிவாய்ச் சாப்பிட்டு வரட்டும். இருக்கிறம்.”

இவளோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இப்படி ஒரு திருப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சாவியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

“பிள்ளை” என்று ஜெசிந்தா பின்னால் திரும்பினாள். “‘என்ரை மகளாலை ஏலும்’ எண்டு பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறது?”

நிரோ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு. அந்தாள் வர முன்னம் நான் பாடமாக்க வேணும்.”

“மா ஃபீய் எ கப்பாப்ல்” என்றாள் நிரோ, கேட்டும் கேளாமலும்.

“மா பி... பிறகென்ன? கேக்கேல்லை. பலமாய்ச் சொல்லு.”

“மா ஃபீய் எ கப்பாப்ல்.”

“இன்னும் ஒருக்கா.”

நிரோ சொன்னாள். தாய்க்கு வரவில்லை. மறுபடி சொன்னாள். மூச்சில் கார்க் கண்ணாடிகள் எல்லாம் மங்கிப்போய் வெளியே ஒன்றும் தெரியாமல் போகும்வரை, ஒவ்வொரு தரமும் முன்னையதைவிடப் பலமாக, தன்னால் ஏலும் என்று என் மகள் தாய்க்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.